அடிகுழிந்த ஈயக் குண்டு

ஊர்த் திருவிழாக் கடைத்தெருவிலே பலூன் சுடும் விளையாட்டைக் காணாதார் நம்முள் இலர். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்களுள் ஒன்றையேனும் உடைத்துவிட வேண்டுமென்று காசு கொடுத்துக் காற்றுத் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி நிற்போர் பலர். ஆயின் அத்துப்பாக்கியுள் இடப்படும் சிறு ஈயக் குண்டினை உள்ளங்கையில் வைத்து உற்று நோக்கியோர் மிகச் சிலரே. யாமும் அண்மையிலேதான் நோக்கினோம். முழு உருண்டையாயிருக்கும் என்று எண்ணியிருந்த அக்குண்டு, தலை பருத்து, இடை சிறுத்து, அடி மீண்டும் விரிந்து, உடுக்கையின் வடிவை ஒத்திருந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே வெறுங்குழி. “இஃது ஏன் ஐயா இப்படிக் குழிந்திருக்கிறது?” என்று கடைக்காரரை வினவினோம். “தம்பி, குழி இல்லாவிட்டால் குண்டு நேரே போகாது” என்றார் அவர். காரணம் கேட்டதற்குச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் துப்பாக்கியை நீட்டினார்.

அவர் கூறியது முற்றும் உண்மையே. அக்காரணத்தைத் தேடிப் புகுந்த யாம், ஒரு சிறு குழியின் பின்னே பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா என்னும் மூன்று நாடுகளின் போர்ச்சாலைகளும், நம் நாட்டில் 1857ஆம் ஆண்டிலே மூண்ட பெருங்கிளர்ச்சியும் நிற்பதைக் கண்டு வியந்தோம். அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முன்னாளிலே போர்வீரர் கையாண்ட துப்பாக்கிகள் உட்புறம் வழவழப்பான குழலை உடையன. மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கெஜக்கோலால் உள்ளே இடித்துச் செலுத்த வேண்டும். ஒருமுறை சுட்டால் மருந்தின் கரி குழலின் உட்சுவரில் படியும். இரண்டு மூன்று முறை சுட்டபின் அப்படிவு தடித்துவிடுமாதலால், குண்டு குழலின் அகலத்தைவிடச் சற்றுச் சிறியதாயிருத்தல் இன்றியமையாதது. ஆங்கிலேயரின் பழைய துப்பாக்கியிலே குழலின் அகலம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். குண்டின் விட்டமோ ஓர் அங்குலத்தில் நூற்றில் 69 பங்கு அளவே. இவ்விடைவெளி வழியே மருந்தின் ஆவியிற் பெரும்பகுதி வீணே வெளியேறும். குண்டும் சுவரின் இருமருங்கும் முட்டி மோதிக்கொண்டு, கடைசியாக எப்பக்கத்தில் மோதிற்றோ அதற்கு எதிர்ப்பக்கம் நோக்கிப் பாயும். நூறு கெஜத்திற்கு அப்பால் ஒருவனைக் குறிபார்த்துச் சுடுவது வீண் முயற்சி என்றே அந்நாளைப் படைத்தலைவர் கருதினர். வீரரை நெருக்கமாக வரிசைப்படுத்தி ஒருங்கே சுடச் செய்த வழக்கம் இக்குறையினின்றும் பிறந்ததே.

இக்குறைக்கு மருந்து அறியப்படாமல் இல்லை. குழலின் உட்சுவரிலே சுருள் சுருளாகப் பள்ளங்களை வெட்டினால் குண்டு பம்பரம்போற் சுழன்று வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாதவாறுபோலச் சுழலும் குண்டும் தன் நெறி பிறழாது. இவ்வுண்மையைச் செருமானிய நாட்டுக் கம்மியர் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே அறிந்திருந்தனர். வேட்டைக்காரர் இத்தகைய மரைக்குழல் துப்பாக்கிகளையே விரும்பினர். ஆயின் பள்ளங்களைக் குண்டு பற்ற வேண்டுமாயின் அது குழலை இறுக நிரப்ப வேண்டும். இறுக நிரப்பும் குண்டை வாய்வழியே எங்ஙனம் உட்செலுத்துவது? எண்ணெய் தோய்ந்த துணியிலோ தோலிலோ சுற்றி, சிலபோது மரச்சுத்தியாலும் அடித்து இறக்க வேண்டியிருந்தது. வேட்டைக்காரனுக்கு நேரம் உண்டு. எதிரி ஓடிவரும்போது போர்வீரனுக்கு அது கிடையாது.

ஆகவே விடை காணவேண்டிய விடுகதை இது: உள்ளே போகும்போது சிறியதாகவும், வெளியே வரும்போது பெரியதாகவும் இருக்கும் குண்டு எது?

இதற்கு முதலிற் கூறப்பட்ட விடைகள் முரட்டு விடைகள். 1826இல் தெல்வீன் என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர், மருந்து தங்கும் அறையைக் குழலினும் குறுகலாக அமைத்தார். உருண்டைக் குண்டு அவ்வறையின் விளிம்பில் தங்கும். கெஜக்கோலால் ஓங்கி இடித்தால் ஈயம் நசுங்கிப் பக்கங்களிற் பரந்து பள்ளங்களைப் பற்றும். 1844இல் தூவெனென் என்பார் அவ்வறையின் நடுவே எஃகு முளையொன்றை நிறுத்தி, அம்முளையின்மேற் குண்டை இடித்து விரியச் செய்தார். இரண்டிலும் குண்டு சிதைந்து உருக்குலையும். முளையைச் சுற்றிக் கரி அடைந்துகொள்ளும். இடிக்கும் வீரனின் கைவலிமைக்கேற்பக் குறியும் வேறுபடும்.

இனி நயமான விடைக்கு வருவோம். அதனை எண்ணியபோதெல்லாம் எம் உள்ளம் சிறிது பெருமிதம் கொள்கின்றது. பெருமிதம் அளவு கடக்கலாகாதென்பதும் உடனே நினைவிற்கு வருகின்றது. ஆங்கிலேயரின் 34ஆம் காலாட்படையைச் சார்ந்த ஜான் நார்ட்டன் என்னும் தளபதி தென்னிந்தியாவில் இருந்த காலத்தே, இங்குள்ள மக்கள் ஊதுகுழலால் எய்யும் அம்புகளைக் கண்டாராம். அவ்வம்பின் அடியிலே தாமரைத் தண்டின் நெட்டி பொருத்தப்பட்டிருந்தது. வாயால் ஊதியவுடன் நெட்டி விரிந்து குழலின் உட்சுவரை நெருங்கிப் பொருந்தியது; காற்று அதனைக் கடந்து வீணே போகவில்லை; ஊதிய மூச்சு முழுவதும் அம்பைத் தள்ளவே பயன்பட்டது. இதைக் கண்ட நார்ட்டன், நெட்டி செய்யும் தொழிலை ஈயம் செய்தாலென்ன என்று எண்ணி, நுனி கூர்த்து, உடல் நீண்டு, அடி குழிந்த குண்டொன்றை வகுத்தார் என்று கூறுவர். இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்தது. அவ்வூதுகுழலை வைத்திருந்தவர் எவ்வூரினர், யாது பெயரினர் என ஒருவரும் எழுதிவைத்திலர். தளபதியின் பெயர் நின்றது. பறவை அடித்துப் பிழைத்தவன் பெயர் நில்லாது போயிற்று. இதனைக்கொண்டு துப்பாக்கிக் கலையே தமிழரிடமிருந்து சென்றது என்று மேடையேறிப் பேசப் புகுவார் உளராயின், அவரோடு யாம் உடன்படோம். சென்றது ஒரு குறிப்பு. அக்குறிப்பைப் பொருளாக்கியது வேறு நாட்டுப் பட்டறை.

நார்ட்டனது குண்டை ஆங்கில அரசாங்கம் ஏற்கவில்லை. 1835இல் வில்லியம் கிரீனர் என்னும் துப்பாக்கித் தொழிலாளர், முட்டை வடிவக் குண்டிலே குழி தோண்டி, அக்குழியில் உலோக ஆப்பு ஒன்றைச் செருகிக் காட்டினார். மருந்து வெடித்தவுடன் ஆப்பு உள்நோக்கிப் பாய்ந்து ஈயத்தை விரியச் செய்யும். சோதனை நன்றாகவே முடிந்தும், குண்டு இரு துண்டுகளாலாயது என்னும் குறை கூறி அதனையும் தள்ளிவிட்டனர்.

1840களின் இறுதியிலே கிளாது எத்தியேன் மின்னியே என்னும் பிரெஞ்சுத் தளபதி, தெல்வீன் முதலியோரின் முயற்சிகளைத் தொடர்ந்து, நீண்ட ஈயக் குண்டின் அடிக்குழியிலே சிறிய இரும்புக் கிண்ணமொன்றைப் பொருத்தினார். உலகம் இக்குண்டை அவர் பெயராலேயே வழங்கத் தொடங்கிற்று. ஆங்கில அரசாங்கம் இதனை ஏற்றபோது அவருக்கு 20,000 பவுன் அளித்தது. தம் நாட்டவரான கிரீனர் பல்லாண்டு முறையிட்டபின், விரியும் குண்டின் கருத்தை முதலில் வெளியிட்டமைக்காக 1857இல் 1,000 பவுன் பெற்றார். உள்ளூர் மாந்தன் கொண்டுவந்த சரக்கைத் திருப்பியனுப்பிவிட்டு, அதே சரக்கு அயலூர் முத்திரையோடு வந்தபின் இருபது மடங்கு விலை கொடுத்து வாங்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்.

இக்குழி தொழிற்படும் வகையைச் சிறிது விரித்துரைப்போம். மருந்து பற்றியவுடன் எழும் ஆவி எப்பக்கமும் ஒரே விசையோடு அழுத்தும். குண்டின் அடி தட்டையாயின் அவ்வழுத்தம் முன்னோக்கி மாத்திரமே அதனைத் தள்ளும். அடி குழிந்திருப்பின், ஆவி குழியுட் புகுந்து அதன் சுவர்களைப் பக்கவாட்டிலும் தள்ளுகின்றது. ஈயமோ மென்மையானது, குழியின் விளிம்பு பாவாடையின் ஓரம்போல் மெல்லியது. கனத்த தலைப்பகுதி இருந்த இடத்தினின்றும் நகரத் தொடங்கும் முன்னரே இவ்விளிம்பு விரிந்து குழலின் பள்ளங்களிற் பதிந்துவிடும். உடனே இரண்டு பயன்கள் விளைகின்றன: ஆவி கசியாது அடைபடுகின்றது, பள்ளங்களின் வழியே குண்டு சுழல்கின்றது. மூன்றாவதாக ஒரு பயனும் உண்டு. அடியில் ஈயம் குறைந்தமையாற் குண்டின் கனம் தலைப்பக்கம் ஒதுங்குகின்றது. இறகுப்பந்தாட்டத்தில் பந்து எப்போதும் கனத்த தக்கையை முன்வைத்தே பறப்பதுபோல, இக்குண்டும் தலை முன்னாகச் செல்ல உதவி பெறுகின்றது. திருவிழாக் கடைக்காரர் சொன்னதன் பொருள் இதுவே.

மின்னியேயின் இரும்புக் கிண்ணம் ஒரு தொல்லை விளைத்தது. சிற்சில வேளைகளில் அது ஈயத்தைத் துளைத்துக்கொண்டு தலையோடு வெளியேறிவிடும்; வளையமாகப் பிரிந்த ஈயம் குழலுள்ளே தங்கிவிடும்; அத்துப்பாக்கி அன்றைய போருக்கு உதவாது. அமெரிக்க நாட்டின் ஆர்ப்பர்சு பெரி ஆயுதசாலையிலிருந்த ஜேம்சு பர்ட்டன் என்பார், குழியின் வடிவத்தையும் சுவரின் தடிப்பையும் திருத்தி அமைத்தால் கிண்ணமே வேண்டுவதில்லை என்று கண்டார். ஆவியே ஆப்பின் வேலையைச் செய்தது. 1855இல் அந்நாட்டுப் படை இதனை மேற்கொண்டது. வார்ப்பச்சில் ஈயத்தை உருக்கி ஊற்றினால் குண்டு முடிந்தது. பிற துண்டு ஒன்றும் வேண்டா.

ஆங்கிலேயர் 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கிக்கு அமைத்த குண்டும் இவ்வினத்ததே. குழலின் அகலம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 577 பங்கு; குண்டின் விட்டம் 568 பங்கு. இடைவெளி மிக நுண்ணியது. அதனையும் தோட்டாவின் தாள் நிரப்பிற்று. தாள் சுற்றிய குண்டு கரிபடிந்த குழலில் வழுக்கி இறங்கவேண்டிக் கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சொன்றைத் தோட்டாவின் அடிப்புறத்திற் பூசினர். வீரன் தோட்டாவின் ஒரு முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் ஊற்றுவான்; பின் மறுமுனையைத் தலைகீழாகத் திருப்பிக் குண்டைக் குழலின் வாயிற் செருகி, மிஞ்சிய தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, கெஜக்கோலாற் செலுத்துவான். படைப்பயிற்சி நூலில் இவை யாவும் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. கடிக்கும் வாய் யாருடையது என்பதை மட்டும் அந்நூலை வகுத்தோர் எண்ணிலர்.

1857 சனவரியிலே கல்கத்தாவை அடுத்த தம்தம் என்னும் இடத்தில், ஆயுதசாலையிற் பணிபுரிந்த தாழ்ந்த குலத்தவன் ஒருவன், உயர்குலச் சிப்பாய் ஒருவனது செம்பிலிருந்து தண்ணீர் கேட்டான் என்றும், சிப்பாய் குலங் கருதி மறுத்தான் என்றும், அதற்கு அவன், பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசிய தோட்டாவை நீங்கள் கடிக்கும்போது உங்கள் குலம் எங்கே நிற்கும் என்று கேட்டான் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. அவ்வொரு வினா வங்காளப் படை முழுதும் பரவிற்று. பூச்சிற் சேர்த்த கொழுப்பு எவ்விலங்கினுடையது என்று ஒப்பந்தக்காரரை ஒருவரும் உசாவவில்லை என்பதே உண்மை. பின்னர் அதிகாரிகள், சிப்பாய்கள் தாமே விரும்பிய பூச்சைப் பூசிக்கொள்ளலாம் என்றனர்; பல்லாற் கடியாது கையாற் கிழிக்கலாம் என்று பயிற்சியையும் மாற்றினர். தவறு இல்லையாயின் மாற்றுவானேன் என்று சிப்பாய்கள் மேலும் ஐயுற்றனர். மார்ச்சு 29இல் பாரக்பூரிலே மங்கள் பாண்டே துப்பாக்கியோடு எழுந்தான். ஏப்ரல் 8இல் தூக்கிலிடப்பட்டான். ஏப்ரல் 24இல் மீரட்டிலே குதிரைப்படையினர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை புதிய தோட்டாக்களே அல்ல. அவர்கள் முன்னரே கையாண்டுவந்த பழைய வகையின. எனினும் நம்பிக்கை போய்விட்ட இடத்திற் பழையதும் புதியதும் ஒன்றாயின. மே 9இல் அவர்கள் படையின் முன்னிலையிலே விலங்கிடப்பட்டனர். மறுநாள் மீரட்டு எரிந்தது.

இக்கிளர்ச்சிக்கு ஒரு தோட்டாவே காரணம் என்று கூறுவது பேதைமை. நாடுகளைப் பறித்தல், நிலவரி, சிப்பாய்களின் ஊதியக் குறைவு எனக் காரணங்கள் பலவுள. ஆயினும் அச்சத்திற்கு உருவம் வேண்டும். அவ்வுருவைத் தோட்டா கொடுத்தது. தம்மையெல்லாம் சூழ்ச்சியாற் கிறித்தவராக்கவே அரசினர் இதனைச் செய்தனர் என்று சிப்பாய்கள் நம்பினர். கிறித்தவ மாணவராகிய யாம் இவ்விடத்தைப் படிக்கும்போது வாளா கடந்துபோக இயலவில்லை. அத்தகைய சூழ்ச்சி இருந்ததென்பதற்குச் சான்றில்லை. எனினும், சான்றில்லை என்று சொல்லிவிட்டால் அவ்வச்சம் பொய்யாகிவிடாது. ஒருவனது வாய்க்குள் அவனைக் கேளாமலே ஒன்றைத் திணிப்பவர் யாவராயினும், அவரது சமயத்தையும் அவ்வாயின் உடையவன் ஐயுறவே செய்வான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1806 சூலை 10இல், நம் வேலூர்க் கோட்டையிலே தோற்குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி அழித்தலும் இதே அச்சத்தை எழுப்பியிருந்தன. அப்பாடம் பாரக்பூருக்கு எட்டவில்லை. தாமரை நெட்டியைக் கூர்ந்து பார்த்துப் பயன்கொண்ட கண்கள், அதே நாட்டு மக்களின் முகத்தைப் பாராது போயின என்பதே எமக்கு வியப்பு.

கடல் கடந்து அமெரிக்காவிலே, 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் இக்குண்டு தன் முழு வன்மையையும் காட்டிற்று. அரை அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமும் ஓர் அவுன்சுக்கு மேற்பட்ட கனமும் உடைய மெல்லீயம், எலும்பிற் பட்டவுடன் தட்டையாகி அதனைப் பொடியாக்கிவிடும். பழைய உருண்டைக் குண்டு சிலபோது எலும்பைச் சுற்றி வழுக்கிப் போவதுண்டு. இஃது அங்ஙனம் போவதில்லை. உடையின் கிழிசலையும் அழுக்கையும் காயத்துள் இழுத்துச் செல்லும். லிஸ்டர் நச்சுக்கிருமியை ஒழிக்கும் முறையை வெளியிட்டது 1867இலேதான். ஆகவே அப்போர்க்கள மருத்துவர் கையையோ காலையோ அறுத்தெறிவதைத் தவிர வேறு வழி அறியார். அப்போரின் மருத்துவ ஏடுகளிற் குறிக்கப்பட்ட காயங்களுட் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை சிறு துப்பாக்கிக் குண்டுகளால் விளைந்தன. 1862இல் வாசிங்டனில் தொடங்கிய படை மருத்துவக் காட்சிசாலை, இக்குண்டுகள் சிதைத்த எலும்புகளைச் சேர்த்து வைத்தது.

குண்டு நெடுந்தொலை குறி தவறாது சென்றமையால் போர்முறையே மாறிற்று என்று பல நூல்கள் எழுதும். அண்மைக்கால வரலாற்றாசிரியர் சிலர் இதனை மறுக்கின்றனர். அவர் கூறுவது எமக்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றது. இக்குண்டு மெதுவாகச் செல்வது. முந்நூறு கெஜத்தில் உள்ளவனைச் சுட வேண்டுமாயின் வில்லாக வளைந்து உயர்ந்து சென்று இறங்க வேண்டும். இடைவழியில் நிற்பவன் தலைக்குமேல் அது போய்விடும். தொலைவைக் கண்ணால் மட்டிடப் பயிலாத வீரனுக்கு நல்ல துப்பாக்கி கிடைத்தும் பெரும்பயன் இல்லை. ஆதலின் பெரும்பாலான சண்டைகள் பழைய தொலைவிலேயே நடந்தன. காயத்தின் கொடுமை மட்டும் பழையதாயில்லை.

இக்குண்டின் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. துப்பாக்கியின் பின்புறத்தே தோட்டாவை இடும் முறை வந்தபின், குண்டு குழலினும் சிறிதாயிருக்க வேண்டும் என்னும் கட்டாயமே நீங்கிற்று. என்பீல்டையே பின்புறம் திறக்குமாறு மாற்றியமைத்த சினைடர் துப்பாக்கி 1860களில் வந்தது. அதன் குண்டின் அடியிற் குழியும் களிமண் ஆப்பும் பழைய நினைவாக நின்றன. 1880களில் புகையில்லா மருந்தும் செம்பு போர்த்த சிறு குண்டும் வந்து அதனையும் ஒதுக்கின.

ஆயினும் குழி மறைந்தொழியவில்லை, கைத்துப்பாக்கிக்குக் குடிபெயர்ந்தது. ஆங்கிலப் படையினரின் வெப்லி சுழல் துப்பாக்கிக் குண்டு அடிகுழிந்ததே. இன்றும் அமெரிக்காவிலே குறிபார்த்துச் சுடும் பந்தயங்களில் ஈடுபடுவோர், சுட்டுப்போன பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, அவற்றிற் புதிய வெடிமூடியும் மருந்தும் குண்டும் வைத்துத் தாமே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் உடையர். அவருட் பலர் அடிகுழிந்த குண்டை விரும்புகின்றனர். கனம் குறைவாயினும் உடல் நீண்டிருத்தலாற் குழலை நன்கு பற்றும். குறைந்த மருந்திலும் விளிம்பு விரிந்து பொருந்தும். கனம் முன்னொதுங்கி நிற்கும். ஈயப்புகை உடலுக்குத் தீங்காதலாலும், வெற்றீயம் குழலிற் படிவதாலும், மின்னோட்டத்தால் மெல்லிய செம்பு முலாம் பூசிய குண்டுகளை இந்நாளிற் செய்து விற்கின்றனர். முலாம் மிக மெல்லியதாகையால் அக்குண்டுகளை மெதுவாகவே செலுத்தல் வேண்டும். மருந்து அளவு மிஞ்சினால் அடிகுழிந்த குண்டின் மெல்லிய விளிம்பு தலையினின்றும் பிய்ந்து, தலை மட்டும் வெளியேற, விளிம்பு வளையமாகக் குழலுள்ளே தங்கிவிடும். அதனை அறியாது அடுத்த குண்டைச் சுடுவோன் கைக்கும் கண்ணுக்கும் கேடு. மின்னியேயின் இரும்புக் கிண்ணம் அன்று செய்த அதே குறும்பு.